அவிழ்த்துப் பின்னும் பொறுமை

 

தை பிறந்துவிட்டாலும் மலையூர்களில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கங்களில் உல்லன் நூலும் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களை இந்த நாட்களில் நாம் பார்க்கிறோம். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஒரு குல்லா, வேலைக்குப் போகும் கணவருக்கு ஒரு மஃப்ளர், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர். பழகிய கைகள் பேசிக்கொண்டே பின்னுகின்றன. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் மட்டும் பேச்சு மூச்சின்றி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்று அந்தப் புதியவர் பக்கத்தில் சற்று அமர்வோம். கம்பளிப் பின்னலுக்கும் மறையுரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. தவறு செய்தபின் எப்படி மறுபடியும் தொடங்குவது என்பதை அந்த இரண்டு ஊசிகளும் நமக்குச் சொல்லித் தருகின்றன.

பின்னலில் அடிப்படை மிகவும் எளியது. ஒரு நூல், இரண்டு ஊசிகள். ஊசியில் ஏற்றிய ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. கண்ணிக்குள் ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, புதிய கண்ணி ஒன்றை வெளியே இழுக்கிறோம். நூல் பின்பக்கம் இருந்தால் நிட், முன்பக்கம் இருந்தால் பர்ல். எத்தனை அழகான ஸ்வெட்டராக இருந்தாலும் அதன் பெரும்பகுதி இந்த இரண்டின் கலவைதான்.

ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு இது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. ஒரு சகோதரி 30 கண்ணிகளோடு தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். பத்து வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்க்கிறார். 33 கண்ணிகள்! மூன்று கண்ணிகள் எங்கிருந்து வந்தன? நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கும் இடையே முன்னால் கொண்டுவர வேண்டும். அவர் ஊசிக்கு மேலாகக் கொண்டுவந்துவிட்டார். ஊசியில் ஏறிய அந்த நூல் அடுத்த வரிசையில் ஒரு கண்ணியாகிவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டை. மூன்று தடவை இப்படி நடந்திருக்கிறது.

இது அறியாமையால் வந்த தவறு. இதில் குற்றம் எதுவுமில்லை. கற்றுக்கொள்கிற எல்லாக் கைகளும் செய்வதுதான். ஆனால் அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அவருக்கு எரிச்சல் வருகிறது. “எனக்கு இதெல்லாம் வராது” என்று பல்லைக் கடிக்கிறார். எரிச்சல் வந்ததும் விரல்கள் இறுகுகின்றன. விரல்கள் இறுகினால் நூல் இறுகும். நூல் இறுகினால் கண்ணி இறுகும். இறுகிய கண்ணிக்குள் ஊசி நுழையாது. பலவந்தமாக நுழைத்தால் நூல் பிளந்துகொள்ளும், அல்லது பக்கத்துக் கண்ணி நழுவி விழும். முதல் தவறு அறியாமையால் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது தவறுகள் முதல் தவறின்மேல் வந்த கோபத்தால் வந்தன.

அன்புக்குரியவர்களே, நம் ஆன்மிக வாழ்விலும் இதுதானே நடக்கிறது? இன்று வீட்டில் யாரையும் கடிந்து பேசமாட்டோம் என்று காலையில் செபத்தில் தீர்மானிக்கிறோம். பத்து மணிக்குள் பேசிவிடுகிறோம். உடனே நம்மேல் நமக்கே கோபம் வருகிறது. அந்தக் கோபம் முகத்தில் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்து ஒருவர் ஏதோ கேட்கிறார். அவரிடமும் எரிந்து விழுகிறோம். மாலைக்குள் அந்த நாள் முழுவதும் சிக்கலாகிவிடுகிறது. காலையில் விழுந்தது ஒரே ஒரு கண்ணிதான்.

ஜனவரி 24ஆம் நாள் திருச்சபை தூய பிரான்சிசு சலேசியாரை நினைவுகூர்கிறது. தொன் போஸ்கோ தம் சபைக்கு இவர் பெயரைத்தான் சூட்டினார். இவர் ஜெனீவா மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். மடங்களில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமல்ல, குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் தொழில் செய்கிறவர்களுக்கும் தூய வாழ்வு கைகூடும் என்று காட்ட 1609ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டார். அந்த நூலின் மூன்றாம் பகுதியில் ஓர் அதிகாரம் முழுவதையும் ஒரே கருத்துக்காக ஒதுக்கியிருக்கிறார். பிறரிடம் காட்டும் கனிவை நம்மிடமும் நாம் காட்ட வேண்டும் என்பதே அக்கருத்து. கோபப்பட்டதற்காகக் கோபப்படுகிறவர்களையும், எரிச்சலடைந்ததற்காக எரிச்சலடைகிறவர்களையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். அப்படிச் செய்வதால் முதல் கோபம் தணியாது, அடுத்த கோபத்துக்கு இதயம் தயாராகிவிடும் என்கிறார். தந்தை அமைதியாகச் சொல்லும் கண்டிப்பு, கத்திச் சொல்லும் கண்டிப்பைவிடப் பிள்ளையைத் திருத்தும். அதுபோல நம் இதயத்தையும் இரக்கத்தோடு கண்டித்தால் அது திருந்தும் என்பது அவருடைய அறிவுரை.

ஒரு கேள்வி எழலாம். “இப்படிச் சொன்னால் பாவத்தை இலேசாக எடுத்துக்கொள்வதாகாதா?” ஆகாது. வருத்தம் வேறு, எரிச்சல் வேறு. வருத்தம் பிறரைப் பார்க்கும், இறைவனைப் பார்க்கும்: “நான் அவரைக் காயப்படுத்திவிட்டேனே” என்று சொல்லும். எரிச்சல் தன்னை மட்டுமே பார்க்கும்: “நான் போய் இப்படிச் செய்துவிட்டேனே” என்று சொல்லும். அந்த ‘நான் போய்’ என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது? நாம் தவறு செய்யாதவர்கள் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. நேற்றுத்தான் ஊசியைக் கையில் எடுத்தவர், இருபது ஆண்டுகளாகப் பின்னுகிறவரைப்போல இன்றே பின்ன வேண்டும் என்று நினைக்கிறார். முடியவில்லை என்றதும் நொந்துகொள்கிறார். மனத்தாழ்மை உள்ளவருக்குத் தம் தவறு வருத்தம் தரும். ஆனால் அதிர்ச்சி தராது. மனவருத்தம் என்ற உடையை உடுத்திக்கொண்டு நம் ஆணவம் வந்து நிற்பதை நாம் அடையாளம் காண வேண்டும்.

இப்போது பின்னலுக்குத் திரும்புவோம். பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன? பழகியவர்களும் தவறு செய்கிறார்கள். ஆனால் செய்த தவறை எப்படிச் சரிசெய்வது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் பதறுவதில்லை. சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி. தவறு இப்போதுதான், இதே வரிசையில் நடந்தது என்றால், வந்த வழியே ஒவ்வொரு கண்ணியாகத் திரும்பிப் போகலாம். ஊசியை உருவிவிட வேண்டாம். ஒரு கண்ணியைப் பின்னிய விதத்திலேயே அவிழ்த்து, மற்ற ஊசிக்கு மாற்றி, தவறிய இடம்வரை போகலாம். இது நேரம் எடுக்கும் வேலை. ஆனால் எதுவும் குலையாது. நாள் முடிவில் நாம் செய்யும் ஆன்ம சோதனை இப்படிப்பட்டது. இரவில் படுக்குமுன் ஐந்து நிமிடம், அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்க்கிறோம். எங்கே நன்றாகப் போனது என்று நன்றி சொல்கிறோம். எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கிறோம். அன்றைக்கே “மன்னித்துக்கொள்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அது ஓரிரு கண்ணிகளோடு முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துச் சொல்வது அத்தனை எளிதாக இருக்காது.

இரண்டாவது வழி. பல வரிசைகளுக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறோம். அது விழுந்த இடத்திலிருந்து மேலே ஏணிப்படிகள்போல நூல் குறுக்குக் குறுக்காக நிற்கிறது. புதியவர் பயந்துபோய் எல்லாவற்றையும் பிரித்துவிட நினைப்பார். தேவையில்லை. ஒரு குரோஷா ஊசியை எடுத்து, விழுந்த கண்ணியைப் பிடித்து, ஏணியின் ஒவ்வொரு படி வழியாகவும் மேலே இழுத்துக் கொண்டுவந்தால் போதும். பழைய இடத்துக்குப் போய், விழுந்ததை அங்கிருந்து தூக்க வேண்டும்.

தூய பேதுருவுக்கு ஆண்டவர் செய்தது இதுதான். யோவான் நற்செய்தியில் பேதுரு ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகே. 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புத்தான். இரண்டு இடங்களிலும் யோவான் ஒரே கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். விழுந்த இடத்தை நினைவூட்டும் நெருப்பின் அருகே பேதுருவை உட்காரவைத்து, முதலில் காலை உணவு கொடுக்கிறார். “ஏன் மறுதலித்தாய்?” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தம்மேல் அன்பு உண்டா என்று மட்டும் மூன்று தடவை கேட்கிறார். மூன்று தடவை விழுந்தவரை மூன்று படிகளில் மேலே தூக்குகிறார். ஒவ்வொரு படியிலும் தம் ஆடுகளை அவரிடம் ஒப்படைக்கிறார்.

மூன்றாவது வழி. தவறு பெரியது, பல வரிசைகளில் பரவிவிட்டது என்றால், ஊசியை உருவி, நூலை இழுத்துப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? இதற்கு அனுபவசாலிகள் ஒரு முன்னேற்பாடு வைத்திருக்கிறார்கள். கடினமான பகுதியைத் தொடங்குமுன், சரியாக முடிந்த ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வேறு நிறத்தில் ஒரு வழவழப்பான நூலைக் கோத்துவிடுவார்கள். அதற்குமேல் என்ன தவறு நடந்தாலும், பிரித்துக்கொண்டு வரும்போது அந்த நூல் இருக்கும் வரிசையில் பின்னல் நின்றுவிடும். ஒரு கண்ணிகூட நழுவாது. அங்கிருந்து துணிந்து மறுபடியும் தொடங்கலாம்.

நமக்கு அந்தக் காப்பு நூலாக ஆண்டவர் தந்திருப்பது ஒப்புரவு அருள்சாதனம். “சாமி, அதே பாவத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், வெட்கமாக இருக்கிறது” என்று பாவசங்கீர்த்தனத்துக்கு வராமலே இருந்துவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று ஆகிவிடுகிறது. அன்புக்குரியவர்களே, அதே இடத்தில் மறுபடியும் தவறுகிறோம் என்பதுதான், அந்த இடத்தில் காப்பு நூல் தேவை என்பதற்கு அடையாளம். இறைவன் நம்மை மன்னித்துக் களைத்துப்போவதில்லை. மன்னிப்புக் கேட்பதில் களைத்துப்போகிறவர்கள் நாம்தான்.

இந்த மூன்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் தவறையும் பிரித்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. இருபது வரிசைக்குக் கீழே நிட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பர்ல் விழுந்திருக்கிறது. குல்லாவின் வெதுவெதுப்பு அதனால் குறையுமா? குழந்தைக்குக் குளிருமா? அதற்காக மூன்று தடவை பிரித்தால் குளிர்காலமே முடிந்துவிடும். மனசாட்சியிலும் சிலருக்கு இந்தத் தொல்லை உண்டு. மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களையே தோண்டித் தோண்டி எடுத்து, சரியாகச் சொன்னோமா, ஏதாவது விட்டுவிட்டோமா என்று கலங்குவார்கள். தூய இஞ்ஞாசியாரே 1522ஆம் ஆண்டு மன்ரேசா நகரில் இருந்தபோது இந்தக் கலக்கத்தால் மிகவும் வதைபட்டார். கடைசியில், பழைய பாவங்களை இனித் திரும்பச் சொல்வதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தார். கலக்கம் நீங்கியது. தம்மை விடுவித்தது இறைவனின் இரக்கமே என்று உணர்ந்தார். சரிசெய்ய வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்று பிரித்தறிவதும் ஓர் அருள்வரம்தான்.

இதுவரை தவறு செய்கிறவரைப் பற்றிப் பேசினோம். இனி அவர் பக்கத்தில் இருப்பவரைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் பல நேரங்களில் நாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

புதியவர் திணறும்போது பழகியவர் என்ன செய்கிறார்? சிலர் “கொடு இப்படி” என்று ஊசியைப் பறித்து, தாமே நான்கு வரிசை பின்னித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பின்னல் நேராகிவிடும். கற்றுக்கொள்ள வந்தவர் ஒன்றும் கற்றிருக்கமாட்டார். தம்மால் முடியாது என்பதை மட்டும் கற்றிருப்பார். சிலர் “எத்தனை தடவை சொல்வது?” என்பார்கள். நல்ல ஆசிரியை அப்படிச் செய்யமாட்டார். பின்னலை வாங்கிப் பார்த்து, தவறிய இடத்தை விரலால் காட்டி, ஊசியைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்து, “இங்கேதான் நூல் மேலே போயிருக்கிறது, இப்போது நீயே எடு” என்று சொல்லி அருகில் இருப்பார்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ஆண்டவர் அழைத்தபோது யாக்கோபும் யோவானும் படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வாசிக்கிறோம். நம் கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலையில் கண்ணி அறுந்தால் வலையையே கடலில் எறிந்துவிட்டு யாரும் வருவதில்லை. கரையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சேர்க்கிறார்கள். ‘பழுதுபார்த்தல்’ என்பதற்கு மாற்கு பயன்படுத்தும் அதே கிரேக்க வினைச்சொல்லைத் தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் பயன்படுத்துகிறார். ஒருவர் குற்றத்தில் அகப்பட்டால் அவரைக் கனிந்த உள்ளத்தோடு திருத்துங்கள் என்று சொல்லும் இடத்தில் வருகிறது அந்தச் சொல். தவறியவரைத் திருத்துவது அறுந்த வலையைச் சேர்ப்பதைப் போன்றது. கோபத்தோடு இழுத்தால் வலை இன்னும் கிழியும்.

யூதாசை நினைத்துப் பாருங்கள். அவரும் மனம் வருந்தினார் என்று மத்தேயு எழுதுகிறார். தாம் பாவம் செய்ததை வாயால் அறிக்கையிட்டார். முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் யாரிடம் போய்ச் சொன்னார்? தலைமைக் குருக்களிடம். அவர்களோ அது தங்களுக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று கையை விரித்துவிட்டார்கள். பேதுரு அழுதார், ஆனால் சீடர்களோடு சேர்ந்தே இருந்தார். அவர்கள் அவரைத் துரத்திவிடவில்லை. அதனால் ஆண்டவர் வந்தபோது பேதுரு அங்கே இருந்தார். தவறு செய்து நொறுங்கிய ஒருவர் நம்மிடம் வந்து நிற்கும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பது அவருடைய வாழ்வையே தீர்மானிக்கலாம்.

தேர்வில் தவறிய பிள்ளை வாசலில் நிற்கிறான். குடியை விட்டு நாற்பது நாள் நன்றாக இருந்த மனிதர் நாற்பத்தோராம் நாள் குடித்துவிட்டு, தலைகுனிந்து வீட்டுக்கு வருகிறார். திருமணம் முறிந்த மகள் பெட்டியோடு வந்து இறங்குகிறாள். “முகத்தில் விழிக்காதே” என்று சொல்வது எளிது. “உள்ளே வா, முதலில் சாப்பிடு, பிறகு பார்க்கலாம்” என்று சொல்வது, கடற்கரையில் ஆண்டவர் செய்தது. அந்த நாற்பது நாள் பின்னல் வீணாகிவிடவில்லை. விழுந்தது ஒரு கண்ணி. அதைச் சொல்லித் தூக்கிவிட அருகில் ஓர் ஆள் வேண்டும். குடி ஒரு நோயும்கூட என்பதால், அந்த ஆள் மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிள்ளை நம்மிடம் பேசத் தயங்கினால், பேசக்கூடிய ஒருவரிடம் அவனைச் சேர்க்க வேண்டும்.

முடிவாக, பிரித்த நூலைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னலைப் பிரித்து எடுத்த கம்பளி நூல் நேராக இருப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அதில் அப்படியே தங்கி, நெளிநெளியாக இருக்கும். அப்படியே எடுத்துப் பின்னினால் சீராக வராது. அதற்காக யாரும் அதை எறிந்துவிடுவதில்லை. சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தொங்கவிட்டுக் காயவைத்தால், நெளிவு போய்விடும். பிறகு அதே நூலில் புதிதாகப் பின்னலாம்.

எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டுக்குப் போனபோது பார்த்ததும் இதைத்தான். மண்கலம் குயவன் கையிலேயே கெட்டுப்போயிற்று. அவன் மண்ணை மாற்றவில்லை. அதே மண்ணை எடுத்து, தனக்குச் சரியென்று தோன்றிய வேறொரு கலமாக வனைந்தான். இறைவன் நம்மை எறிந்துவிட்டு வேறு மண் தேடிப் போகிறவர் அல்லர். நம் கண்ணீரிலும் தம் இரக்கத்திலும் நம்மை ஊறவைக்கிறார். காயும்வரை காத்திருக்கிறார். பிறகு மறுபடியும் கையில் எடுக்கிறார்.

இந்த வாரத்துக்கு ஒரு சிறு முயற்சி. தவறியதை உணர்ந்த கணத்தில் உடனே எதையும் செய்ய வேண்டாம். கையைத் தளரவிடுவோம். ஒரு மூச்சு விட்டு, “ஆண்டவரே, இதோ உம் மாணவர்” என்று சொல்வோம். பிறகு, எந்த இடத்தில் தவறினோம் என்று அமைதியாகப் பார்ப்போம். நம் வீட்டில் ஒருவர் தவறினாலும் இப்படியே செய்வோம்.

செபிப்போம். பொறுமையுள்ள இறைவா, எங்கள் தவறுகளைப் பார்த்து நாங்கள் எரிச்சலடைகிறோம், நீரோ எங்களைப் பார்த்து இரங்குகிறீர். எங்கள் இறுகிய கைகளைத் தளர்த்தும். விழுந்த இடத்திலிருந்து எங்களைத் தூக்கிவிடும். எங்கள் அருகில் விழுந்தவர்களைக் கனிவோடு தூக்கிவிட எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.